ஒரே கைவிலங்குல ரெண்டு பேரு

எல்லாருக்கும் வணக்கம். வில்லிஸ் மெக்கால்னு ஒரு ஷெரிப், அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்துல லேக் கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அப்ப சுத்தி எங்க பாத்தாலும் ஆரஞ்சுத் தோட்டம். அங்க ஷெரிப்ங்கிறவரு, அதாவது கவுண்ட்டியோட போலீஸ் தலைவரு, மேல இருந்து போடுற அதிகாரி இல்லைங்க, எலக்‌ஷன்ல ஜெயிச்சு வர்றவரு. 1944-ல ஆரம்பிச்சு ஏழு தடவை ஜெயிச்சாரு இந்த மனுசன், இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மீதியக் கேளுங்க.

1949 ஜூலைல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு தன்னைக் கெடுத்துட்டாங்கன்னு புகார் சொல்லுது, நாலு கறுப்பினப் பசங்க மேல கேஸ். எர்னெஸ்ட் தாமஸை ஆளுங்க கூட்டமா தொரத்திப் போயி சுட்டே கொன்னுட்டாங்க. சார்லஸ் கிரீன்லீக்கு 16 வயசு. சாமுவேல் ஷெப்பர்ட், வால்டர் இர்வின் ரெண்டு பேரும் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ராணுவத்துல இருந்தவங்க. அதே கவுண்ட்டில குரோவ்லாண்ட்ங்கிற ஊர்ல கறுப்பினக் குடும்பங்களோட வீடுங்க எரிஞ்சுது, ஷெப்பர்டோட அப்பா பாடுபட்டு சேத்த வீடும் அதுல ஒண்ணு. ஜூரி முழுக்க வெள்ளைக்காரங்க, கிரீன்லீக்கு ஆயுள், மத்த ரெண்டு பேருக்கும் மரண தண்டனை. 1951-ல சுப்ரீம் கோர்ட் அந்த தண்டனைய ரத்து பண்ணி மறுபடி விசாரிங்கன்னு சொல்லிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல. 1951 நவம்பர் 6, ராத்திரி. ரெய்ஃபோர்ட் ஜெயில்ல இருந்து ரெண்டு பேரையும் ஒரே விலங்குல பூட்டி மெக்கால் தானே தன் கார்ல கூட்டிட்டு வர்றாரு. வழியில நிறுத்தி ரெண்டு பேரையும் சுட்டாரு. தப்பிக்கப் பாத்தாங்க, என்னைத் தாக்குனாங்கன்னு சொன்னாரு. ஷெப்பர்ட் அங்கயே செத்துட்டாரு, இர்வின் செத்த மாதிரி மூச்ச அடக்கிக் கெடந்தாரு, கை இன்னும் செத்த நண்பனோட கையோட சேந்தே இருக்கு, அப்ப அங்க வந்த டெபுடி (ஷெரிப்புக்குக் கீழ வேலை பாக்குற அதிகாரி) டார்ச் அடிச்சுப் பாத்து உயிர் இருக்குன்னு தெரிஞ்சு கழுத்துல சுட்டாருன்னு இர்வின் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தபடியே சொன்னாரு. அவர் கெடந்த இடத்துல, ரத்தக்கறைக்கு நேர் கீழ, மண்ணுக்குள்ள இருந்து மத்திய அரசோட புலனாய்வுத் துறையான எஃப்பிஐ ஒரு குண்ட எடுத்துச்சு. படுத்துக் கெடக்குறவன மேல நின்னு சுட்டாத்தானேங்க குண்டு அப்படி மண்ணுல இறங்கும்? ஆனா விசாரணைல மெக்கால் மேல தப்பே இல்லைன்னுட்டாங்க.

இத விடக்கூடாதுன்னு சத்தம் போட்டவரு ஹாரி மூர், வாத்தியாரு. கறுப்பின மக்கள் ஓட்டுப் பதியணும்னு ஊர் ஊரா அலைஞ்சதுக்கே வேலைய இழந்தவரு. ஓட்டாலதான ஷெரிப் வர்றாரு, அதனால ஓட்டுலயே கை வச்சாரு. அந்த வருசம் கிறிஸ்துமஸ் ராத்திரி, அவரோட 25-வது கல்யாண நாள், படுக்கைக்குக் கீழ குண்டு வெடிச்சுது. அவரு அன்னைக்கே போயிட்டாரு, மனைவி ஹாரியட் ஒன்பது நாள் கழிச்சு.

மறுவிசாரணைல இர்வினுக்காக துர்குட் மார்ஷல்ங்கிற கறுப்பின வக்கீல் வாதாடுனாரு. போலீஸ் அச்சு எடுத்த இர்வினோட ஷூ தடம் உள்ள கால் இல்லாத வெறும் ஷூவால பதிச்சதுன்னு ஒரு நிபுணர் சாட்சி சொன்னாரு, அப்படியும் திரும்ப மரண தண்டனை. 1955-ல கவர்னர் ஆயுளா மாத்துனாரு. 1968-ல பரோல்ல வந்தவரு, அடுத்த வருசம் லேக் கவுண்ட்டிக்குப் போன இடத்துல இறந்துட்டாரு. அப்பவும் அங்க மெக்கால்தான் ஷெரிப்.

1972-ல ஒரு கறுப்பினக் கைதிய ஒதச்சுக் கொன்னதா கேஸ் வந்துச்சு, அதுலயும் விடுதலை, ஆனா அந்த எலக்‌ஷன்ல மக்கள் ஒருவழியா தோக்கடிச்சாங்க. அப்பறம் ஒரு ரோட்டுக்கே அவர் பேரு வச்சாங்க, அத எடுக்க 2007 ஆச்சு. நாலு பேரும் குத்தமில்லாதவங்கன்னு கோர்ட் வழக்கத் துடச்சது 2021 நவம்பர்ல. கிரீன்லீ 2012-லயே போயிட்டாரு, அன்னைக்குக் கேக்க அவரோட மகதான் இருந்தாங்க.