திங்கட்கிழமை வேண்டாம்: பத்மநாபபுரத்தில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம். தக்கலை வழியாகத் திருவனந்தபுரம் பஸ்ஸில் போகாதவர்கள் நம் குமரி மாவட்டத்தில் குறைவு. அங்கே இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய், திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்காதவர்கள்தான் நிறைய.

முதலில் ஒரு காரியம். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனை நிற்கும் மண் நமக்கு வந்தது, அரண்மனையோ கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. சீட்டு கொடுப்பதும் கூரை ஓடு மாற்றுவதும் அவர்கள்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலும் அடைத்துவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்கே வாசலில் நின்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் வருமுன் நிதானமாகப் பார்க்கலாம்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் தலையைத் தூக்குங்கள். மரக்கூரையில் தொண்ணூறு பூ வேலைப்பாடுகள், ஒன்று போல் ஒன்று கிடையாது. அங்கிருந்து மரப்படி ஏறினால் மந்திரசாலை. படி குறுகல், வாசல் நிலை தாழ்வு. தலையில் இடித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் இடித்துக்கொள்கிறார்கள்.

மந்திரசாலையில் நுழைந்த உடனே ஒன்றும் தெரியாது, ஒரே இருட்டு. நம் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுகிறார்கள். நகராதீர்கள். இரண்டு நிமிடம் சுவரோரமாக நில்லுங்கள். கண் பழகப் பழகச் சன்னல் பக்கமிருந்து வெளிச்சம் தரையில் விழுந்து கிடப்பது தெரியும், குளத்துத் தண்ணீரில் கிடப்பது மாதிரி. மரச் சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய அழிகள் அவை. வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். உள்ளே இருப்பவருக்கு முற்றம் தெரியும், முற்றத்தில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியாது. ராஜா மந்திரிகளோடு ஆலோசனை நடத்திய இடம் அல்லவா?

இனி அந்தத் தரை. கறுப்புக் கல்லோ என்று நினைப்போம், கல் இல்லை. சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கரி நிறத்தைத் தரும், வெள்ளைக்கரு பிடிப்பைத் தரும். இந்த மெருகுக்கு எதிரி மணல். செருப்படியில் ஒட்டி வரும் ஒரு துளி மணல் போதும், கீறல் விழுந்துவிடும். கீறிய இடத்தை மட்டும் ஒட்டுப் போட்டால் நிறம் சேராது. செருப்பைக் கழற்றச் சொல்வது வெறும் சடங்கு இல்லை, நேயர்களே. மழைநாளில் காலைத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

அடுத்தது ஊட்டுப்புரை. கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர் இலை போட்டுச் சாப்பிட்ட கூடம். ஊறுகாய்ப் பரணிகள், அதாவது ஜாடிகள், இன்றும் இருக்கின்றன. தாய்க்கொட்டாரம் என்கிற தாய் அரண்மனைதான் இங்கே ஆகப் பழைய கட்டடம். அதில் பலாமரத் தூண் ஒன்று இருக்கிறது, அதன் செதுக்கலை ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், சுற்றி வந்து பாருங்கள். மரமாகவே பார்த்துவந்த கண்ணுக்கு நவராத்திரி மண்டபம் முழுக்கக் கல்லாக வரும். இங்கிருந்த திருவிதாங்கூர் தலைநகரம் 1795-ல் திருவனந்தபுரம் போய்விட்டாலும், ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்கிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் அங்கே எழுந்தருளப் புறப்படுகிறார்கள். அந்தச் சமயத்தில் போனால் சாலையோரம் வீட்டுக்கு வீடு விளக்கேற்றிக் காத்திருப்பதையும் பார்க்கலாம்.

அரண்மனையிலேயே நேரம் போய்விட்டது. மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. டச்சுக் கம்பெனியோடு நடந்த குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கிய டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய் 1777-ல் இறந்தார், அவர் கல்லறை அதற்குள்தான். கல்லில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள்.

சாயங்காலம் திருவட்டாறு கோயிலில் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத் தரிசித்துவிட்டு மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டியது, 28 தூண்கள், பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கும் அதிக உயரத்தில் பாசனத் தண்ணீர் போகிறது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள், கீழே பார்த்தால் தலைசுற்றுபவர்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகவே நடங்கள். படியில் இறங்கி ஆற்றங்கரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால்தான் அதன் உயரம் பிடிபடும், ஆகவே இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். மறந்துவிடாதீர்கள், திங்கட்கிழமை வேண்டாம். வணக்கம்.