கார்பைடு டூலுக்கு வேகம் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உலோகத்தைக் கடையும் இயந்திரமான லேத்தை வைத்துச் சின்னப் பட்டறை நடத்துபவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு. "காசு போட்டு கார்பைடு இன்சர்ட் வாங்கினேன், நாலு ஜாப்பிலேயே முனை தெறித்துவிட்டது. பழைய ஹெச்.எஸ்.எஸ். பிட்டே தேவலை." இன்சர்ட் என்பது டூலில் பொருத்தும் சின்ன வெட்டுமுனைத் துண்டு. ஹெச்.எஸ்.எஸ். என்பது ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற எஃகு. ஜாப் என்பது கடைவதற்கு வரும் பொருள். இந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது.

நாம் கார்பைடு என்று சொல்வது டங்ஸ்டன் கார்பைடு துகள்களையும் கோபால்ட் தூளையும் அச்சில் அழுத்தி, ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்து எடுப்பது. ஜல்லியைப் பிடித்துவைக்கும் சிமெண்ட் மாதிரி கோபால்ட் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். உலையிலிருந்து வரும்போது நீளத்திலும் அகலத்திலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். 1923இல் பெர்லினில் ஓஸ்ராம் பல்பு கம்பெனியில் கார்ல் ஷ்ரோட்டர் இதை உருவாக்கியபோது, லேத் வேலை அவர்கள் மனதில் இல்லை. பல்பு இழையை மெல்லிசாக இழுக்க வைரத்தில் துளையிட்ட அச்சு தேவைப்பட்டது, விலை கட்டுப்படியாகவில்லை, அதற்கு மாற்றாகத்தான் இது. பிறகு க்ரூப் நிறுவனம் இதையே விடியா என்ற பெயரில் விற்றது. நம் பட்டறைகளில் இன்னமும் 'விடியா டிப்' என்கிறார்களே, அந்தப் பெயர்தான்.

இதன் பலம் சூட்டைத் தாங்குவது. ஹெச்.எஸ்.எஸ். 600 டிகிரியைத் தாண்டினால் இளகிப்போகும். கார்பைடு அதற்கு மேலும் கூர்மை விடாது. பலவீனம், அதிர்ச்சி தாங்காது. அதனால் பேரிங் ஆட்டம் கண்ட லேத்தில், டூலை வெளியே நீட்டிக் கட்டி ஓட்டினால் முனை தெறிக்கத்தான் செய்யும்.

வேகத்துக்கு வருவோம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் தண்டை ஹெச்.எஸ்.எஸ்.ஸில் கடைந்தால், தண்டின் மேற்பரப்பு முனையைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று போதும். கோட்டிங் உள்ள கார்பைடுக்கு 200 மீட்டர் கொடுக்கலாம். அது சுமார் 1270 சுற்று. தண்டு 25 மில்லிமீட்டர் என்றால் 2500க்கு மேல் வேண்டும். பழைய பெல்ட் லேத் அதற்கு எங்கே போகும்? மெதுவாக ஓட்டினால் இரும்பு முனையில் ஒட்டி ஒட்டிக் கட்டியாகி, பிய்த்துக்கொண்டு போகும்போது முனையையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். ஃபினிஷிங்கும் சொரசொரவென்று வரும். அந்த மாதிரி வேலைக்கு நன்றாகச் சாணை பிடித்த ஹெச்.எஸ்.எஸ்.தான் சரி. குறை சொல்பவர்களின் நியாயம் இந்தப் பாதிதான்.

மற்ற பாதி, பயந்து பயந்து கடைவது. முனையின் வளைவு ஆரம் 0.8 மில்லிமீட்டர் உள்ள இன்சர்ட்டை வைத்துக்கொண்டு 0.2 மில்லிமீட்டர் ஆழம் வெட்டினால், அது வெட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம். வெட்டி வரும் இரும்புச் சுருளை முறிப்பதற்காக இன்சர்ட்டின் மேலே இருக்கும் பள்ளமும் வேலை செய்யாது. சுருள் நூடுல்ஸ் போல நீண்டு ஜாப்பைச் சுற்றிக்கொள்ளும், கையையும் கிழிக்கும். ஆழமும், ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரமான ஃபீடும் சரியாக இருந்தால் சுருள் 6, 9 என்ற எண்களைப்போல வளைந்து உடைந்து விழும். கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம் இல்லாமல் வேகமாக ஓட்டும்போது சுருளில் நீலம் பாய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், சூடு சுருளோடு வெளியே போகிறது என்று அர்த்தம். கூலண்ட் விட்டால் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் விடவே விடாதீர்கள். விட்டு விட்டுச் சொட்டினால் சூடான கார்பைடில் விரிசல் விழும்.

இன்சர்ட் டப்பாவில் நிறத்தையும் பாருங்கள். நீலம் ஸ்டீலுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு.

டூலின் எஃகுப் பிடியில் பற்றவைத்த கார்பைடு டிப்பைச் சாணை பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை நிற சிலிக்கான் கார்பைடு சக்கரமோ வைரச் சக்கரமோதான் வேண்டும். சாதாரண சாம்பல் நிறச் சக்கரத்தில் பிடித்தால் டிப்பும் கெடும், சக்கரமும் கெடும். அப்புறம் அந்தத் தூசி. அதில் கோபால்ட் இருக்கிறது, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, தூசியை உறிஞ்சும் வசதியும் சரியான மாஸ்க்கும் வேண்டும். தேய்ந்த இன்சர்ட்டுகளை இரும்புக் குப்பையில் போடாமல் தனி டப்பாவில் சேருங்கள். டங்ஸ்டனைப் பிரித்தெடுப்பதற்காக அவற்றைத் தனி விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.