உப்புப் பாத்தியில் வாசித்த வசனம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

அன்றாட வாழ்வில் நாம் காணும் பொருள்களிலிருந்தும் நிகழ்ச்சிகளிலிருந்தும் விசுவாசத்துக்கான பாடங்களைக் கற்றுக்கொள்வது பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். இயேசு பெருமான் போதித்த விதமே அதுதான். விதைக்கிறவன், மாவில் அடக்கி வைத்த புளிப்பு, தொலைந்த வெள்ளிக்காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண், பழைய துணியில் போடும் ஒட்டு என, கேட்டவர்களுடைய வீட்டிலும் வயலிலும் கிடந்தவற்றையே அவர் எடுத்துப் பேசினார். நாமோ அந்தப் பொருளின் அருகில் போய்ப் பார்க்காமலே அதைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஆகவே இன்று பலவற்றைத் தொட்டுச் செல்லாமல், உப்பைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி மாவட்டத்தில். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி விளைவது எங்கள் கடற்கரையில். தருவைக்குளம், வேப்பலோடை, முள்ளக்காடு, ஆறுமுகநேரி என்று எந்தப் பக்கம் போனாலும் வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை அம்பாரங்களைக் காணலாம். பேருந்தின் சன்னல் வழியாக அவற்றைப் பார்த்தபடியே வளர்ந்து, ஆசிரியனாகி, ஓய்வுபெற்று, ஆலயத்தில் பிரசங்கமும் செய்துவந்த நான், ஒருநாள்கூட அந்த வரப்பில் இறங்கி நின்றதில்லை. "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்னும் மத்தேயு 5:13ஆம் வசனத்தை வைத்து மட்டும் ஐந்தாறு முறை பேசியிருக்கிறேன். உப்பு கரைந்து மறைந்து சுவை தருகிறது, நாமும் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவேன். அது தவறான விளக்கம் அல்ல. ஆனால் அது உப்பைச் சமையலறையில் மட்டும் கண்டவனின் விளக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவர் ஒருவர், தாம் மேற்பார்வை பார்க்கும் உப்பளத்துக்கு என்னை அழைத்துப் போனார். பங்குனி மாதம், காலை ஆறு மணி. வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை பாதி நடந்திருந்தது. கடல்நீரையோ கிணற்று உவர்நீரையோ முதலில் தெப்பம் என்று சொல்லும் பெரிய நீர்த்தேக்கங்களில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் அதை வற்றச்செய்ய, பாத்தி பாத்தியாக நகர்த்தி, கடைசியில் உப்பு விளையும் பாத்திக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கடைசிப் பாத்தியின் தரை மண் தரைதான். மழைக்காலம் முடிந்ததும் அதை ஈரத்தோடு நாள் கணக்கில் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அப்போதுதான் நீர் கீழே இறங்காது, உப்பிலும் சேறு கலக்காது. உப்பு சாரமற்றுப்போனால் மனுஷரால் மிதிக்கப்படும் என்று வாசித்திருந்த எனக்கு, உப்பு உண்டாவதற்கு முன்பே இத்தனை மனிதர்கள் மிதித்தாக வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

அங்கே வயதான ஓர் அம்மா, பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்புக்கூட இல்லை. விரல் இடுக்குகளில் வெடிப்பு இருந்தது, அந்த வெடிப்பில் உப்பு ஏறியிருந்தது. பக்கத்துப் பாத்தியில் ஒருவர் மடையைத் திறந்து, பளபளவென்று கனத்திருந்த நீரை வெளியே வடித்துக்கொண்டிருந்தார். இன்னும் உப்பு இருக்கும் நீரை ஏன் வீணாக்குகிறார்கள் என்று நான் கேட்டேன். அந்த அம்மா வாருவதை நிறுத்தாமலே, "இதுக்கு மேல விட்டா கைப்பு ஏறிரும் அய்யா. விளைஞ்ச உப்பும் சேர்ந்து கெட்டுப்போகும்" என்றார்.

மாணவர் அதை விளக்கினார். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சோற்றுக்கு உதவும் உப்பு அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். மீதியில் மக்னீசியம் சார்ந்த கசப்பு உப்புகளும் உண்டு. நீரின் அடர்த்தியைப் போமே என்னும் அளவையால் பார்க்கிறார்கள். ஏறத்தாழ 25 டிகிரியில் கல்லுப்பு பூக்கத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் கசப்பும் அதோடு சேர்ந்து படிகிறது. நல்ல உப்பும் கசப்பும் தொடக்கத்திலிருந்தே ஒரே நீரில்தான் இருக்கின்றன. கசப்பு இல்லாத கடல்நீர் எங்கும் கிடையாது. எந்த நேரத்தில் மடையைத் திறக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் தொழிலின் நுட்பம்.

நேயர்களே, அந்த வரப்பில் நின்றபோது நான் பிரசங்கத்தை மறந்துவிட்டேன். என் அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தகப்பனார் காலமான பின், ஒரு பனைவிளையையும் அதிலுள்ள கிணற்றையும் பங்கு வைப்பதில் எனக்கும் அண்ணனுக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. முதலில் அது எல்லைக்கல் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி மட்டுமாகத்தான் இருந்தது. பிறகு, யார் அப்பாவைக் கடைசிக் காலத்தில் பார்த்தார்கள் என்பதாயிற்று. அதற்குப் பிறகு, சிறுவயதில் யாருக்கு எது மறுக்கப்பட்டது என்பதுவரை போயிற்று. ஒன்பது ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. ஒரே ஆலயத்தில், ஒரே நற்கருணை ஆராதனையில், அவர் ஒரு முனையில் முழங்காலிடுவார், நான் மறுமுனையில் முழங்காலிடுவேன். மதினி மட்டும் வாசலில் கண்ணால் விசாரித்துவிட்டுப் போவார்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நான் பூமிக்கு உப்பாக இருப்பதைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று பவுல் எபேசு சபைக்கு எழுதியதை நான் நல்ல அறிவுரை என்றுமட்டும் கருதியிருந்தேன். அது ஒரு தொழிலாளியின் நேரக்கணக்கைப் போன்றது என்று அன்று புரிந்தது. எனக்குள் கோபம் எழுந்தது பெரிய அதிசயம் அல்ல; மடையைத் திறக்க வேண்டிய நாளைத் தாண்டி ஒன்பது ஆண்டுகள் வற்றவிட்டதுதான் என் குற்றம்.

வீடு திரும்பியதும் மாற்கு 9ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அதன் கடைசி வசனத்தில் ஆண்டவர், "உங்களுக்குள்ளே உப்புடையவர்களாயிருங்கள், ஒருவரோடொருவர் சமாதானமுள்ளவர்களாயும் இருங்கள்" என்கிறார். உப்புக்கும் சமாதானத்துக்கும் என்ன தொடர்பு என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. அதே அதிகாரத்தில் சற்று முன்னே போய்ப் பார்த்தால், சீஷர்கள் கப்பர்நகூமுக்கு வரும் வழியில், தங்களில் எவன் பெரியவன் என்று வாக்குவாதம் பண்ணியிருக்கிறார்கள். வழியில் என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்டபோது அவர்கள் பேசாமலிருந்தார்கள். அந்த மௌனத்தை நான் நன்றாக அறிவேன். இடையில் வேறு போதனைகள் வந்தாலும், வழியில் தொடங்கிய அந்தச் சண்டைக்கான மருந்தாகவே அதிகாரத்தின் முடிவில் உப்பு வருகிறது என்று நான் நம்புகிறேன்.

உப்பு சாரமற்றுப்போகுமா என்று சிலர் கேட்பதுண்டு. தூய உப்பு சுவை இழக்காது. ஆனால் அக்காலத்து உப்பு மண்ணோடும் பிற உப்புகளோடும் கலந்து கிடைத்தது. ஈரம் பட்டால் உப்பு கரைந்து போய், வெள்ளையான சக்கை மிஞ்சும் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். எங்கள் அம்மா கல்லுப்பைப் போட்டு வைத்திருந்த உப்பு மரவையில் ஐப்பசி அடைமழையின்போது நீர் விட்டு, கடைசியில் மணல்போல் ஏதோ அடியில் தங்கும். அதை எடுத்து நாவில் வைத்தால் ஒன்றும் தெரியாது. பார்வைக்கு உப்பாகவே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. அந்த அம்மாவின் கால் வெடிப்பை நான் மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை வந்தால் அவர்களுக்கு வேலை இல்லை. மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாயில் எத்தனை நாள் கழியும்? பருவம் தப்பிப் பெய்யும் ஒரே மழையில் விளைந்த உப்பு கரைந்துவிட்டால், பாத்தியை மீண்டும் முதலிலிருந்து மிதிக்க வேண்டும். வயலை அறுத்தவர்களுடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். உப்பைப் பற்றிப் பிரசங்கிக்கிற நாங்கள், அதை வாருகிறவர்களின் கூலியையும் காலையும் பற்றி ஆலயத்தில் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம். நான் இப்போது பேசுகிறேன்.

அந்த வாரமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தும், படியேறியதும் ஒன்றும் வரவில்லை. மதினிதான், "தம்பி, உள்ள வாங்க" என்றார்கள். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். நாங்கள் இருவரும் அப்பாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். விளையைப் பற்றிப் பேசவில்லை. எல்லைக்கல் விவகாரம் அன்று தீர்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை சர்வேயர் வந்தும் கணக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் முறை அவர் வந்தபோது, அளவு நாடாவின் ஒரு முனையை அண்ணன் பிடித்துக்கொண்டார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் கிணற்றடி வரை நடந்தேன்.