பேராசிரியரின்ரை கட்டுரையை மாணவர் திருப்பி அனுப்பலாமோ?

வணக்கம் உறவுகளே! ஒரு பெரிய சட்டப் பேராசிரியர் கட்டுரை அனுப்புறார். அதைப் போடுறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கிறது ஆர் தெரியுமோ? இன்னும் சோதினை எழுதி முடிக்காத பிள்ளையள். "ஐயா, இந்த அடிக்குறிப்புப் பிழை" எண்டு அவையள் எழுதினா, அவர் பதில் சொல்லியே ஆகோணும். அமெரிக்காவில சட்ட இதழ்கள் கனக்க இப்பிடித்தான் நடக்குது.

வரலாற்றைச் சுருக்கமாச் சொல்லிவிடுறன். 1887இல அமெரிக்காவின்ரை ஹார்வார்ட் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் தங்கட இதழைத் தொடங்கினவை. 1890 டிசம்பரில அதில வாரன், பிராண்டைஸ் எண்ட ரெண்டு சட்டத்தரணியள் எழுதின கட்டுரையிலதான் 'தனியுரிமை' எண்ட பேச்சுச் சட்டத்துக்குள்ள வலுவா ஏறினது. 1990இல அந்த இதழுக்குத் தலைவரா வந்த முதல் கறுப்பின மாணவர் பராக் ஒபாமா.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வாறன்: அடிக்குறிப்பு! சொன்னதுக்கு ஆதாரம் எங்க இருக்கு எண்டு பக்கத்தின்ரை அடியில காட்டுற குறிப்பு.

"இன்ன வழக்கில இப்பிடித் தீர்ப்பு" எண்டு கட்டுரையில ஒரு வரி இருக்கும். ஒரு மாணவி நூலகத்துக்குப் போய், அந்தத் தீர்ப்புப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தை விரிச்சு, விரல் வச்சு வாசிப்பா. ஒரு சொல்லு மாறியிருந்தாலும் விடமாட்டா. மேற்கோளை எப்பிடி எழுதோணும் எண்டு சொல்லுற கைநூல் 1926இல வெறும் 26 பக்கம். பிறகு வந்த பதிப்புகள் 500 பக்கத்தைத் தாண்டிட்டுது!

வன்னியில இருக்கிற எங்களுக்கு இது நல்லா விளங்கும். மீள்குடியேறி வந்த நேரம் காணிக்கு எல்லை பாத்தது ஞாபகமிருக்கோ? "கிழக்கே வாய்க்கால், தெற்கே பாலை மரம்" எண்டு கடதாசி சொல்லுது. வந்து பாத்தா பாலையைக் காணேல்லை. பத்தையை வெட்டி, மண்ணைக் கிண்டி, எல்லைக்கல்லைக் கண்ட பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. அடிக்குறிப்பும் அந்தக் கல்லுத்தான். சொல்லுறவர் எவ்வளவு பெரிய ஆளெண்டாலும் கல்லைக் காட்டோணும்.

எங்கட நாட்டிலையும் இருக்கு. கொழும்பு சட்டக் கல்லூரியின்ரை சட்ட மாணவர் தமிழ் மன்றம் 'நீதிமுரசு' எண்டு தமிழிலையே இதழ் போடுறது.

அதில எங்கட பெர்மிட் காணிக் கதை, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த காணியின்ரை கதை, நிறைய வரோணும் எண்டது என்ரை ஆசை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில, பின்னுரித்து வரிசையில, அதாவது காணிக்காரர் செத்தா அது ஆருக்குப் போகும் எண்ட வரிசையில, மகன்மார் முதல், மகள்மார் பிறகு எண்டு கனகாலம் கிடந்தது. 2022இலதான் திருத்தினவை. இடையில எத்தினை அக்காமார் கோப்போட கச்சேரிப் படி ஏறி இறங்கினவை!

உங்கட வீட்டில, ஒழுங்கையில சட்டம் படிக்கிற பிள்ளை இருந்தா இந்த வீடியோவை அனுப்பிவிடுங்கோ. அந்த அக்காமாரில ஒராளிட்டைப் போய்க் கேட்டு எழுதச் சொல்லுங்கோ. அடிக்குறிப்போட.