தோள்பட்டைக்கு முன்னால் ஒரு கட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

"இந்தக் குளிர்ல உண்ணி ஏது சார்?" கோத்தகிரிப் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. உறைபனி விழுகிற புல்வெளியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். குளிருக்குச் சாக்குத் தொங்கவிட்டுக் கதவடைத்த கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள், கதகதவென்று இருக்கும். உண்ணிக்கு அது போதும்.

கால்நடை மருத்துவ வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. கீழ்நாட்டுச் சந்தையில் வாங்கி லாரியில் ஏற்றி வந்த ஜெர்சிக் கலப்புப் பசு. வந்து இரண்டு வாரத்தில் தீவனம் எடுக்கவில்லை, காய்ச்சல் 106 டிகிரி. இடம் மாறியதால் வந்தது என்று நினைத்து மூன்று நாள் ஆன்டிபயாடிக் போட்டேன். நான்காம் நாள்தான் தோள்பட்டைக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி உருண்டது. கண் இமையைப் புரட்டினால் ரத்தமே இல்லை. மறுநாள் பசு போய்விட்டது. இன்றைக்கும் தெர்மாமீட்டர் எடுக்கும் முன்பே என் கை அந்த இடத்துக்குத்தான் போகும்.

அது தைலேரியா, உண்ணி கடித்து மாட்டுக்கு வரும் நோய். காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரே செல் கொண்ட ஒட்டுண்ணி. முதலில் வெள்ளை அணுவுக்குள் புகுந்து பெருகுகிறது, அதனால்தான் தோள்பட்டைக்கு முன்னால் அந்த நிணநீர்க் கட்டி வீங்குகிறது. பிறகு சிவப்பணுவுக்குப் போகிறது, சோகை பிடிக்கிறது. நாட்டு மாடு ஓரளவு தாங்கும், கலப்பினம் தாங்காது. சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பபேசியா என்ற வேறொரு ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அதுவும் உண்ணி கொண்டுவருவதுதான், ஆனால் மருந்து வேறு. அதனால்தான் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்கிறோம்.

தைலேரியாவுக்கு பூபர்வாக்குவோன் என்று நல்ல ஊசி இருக்கிறது. 20 கிலோ எடைக்கு 1 மில்லி. 300 கிலோ மாட்டுக்கு 15 மில்லி, கழுத்துத் தசையில் இரண்டு இடமாகப் பிரித்துப் போடுவோம். விலை கொஞ்சம் கூடுதல்தான். ரத்தம் வற்றிய பிறகு போட்டால் அந்தக் காசும் வீண்.

உண்ணி கடித்த மாத்திரத்தில் நோய் இறங்குவதில்லை. அதன் எச்சில் சுரப்பியில் கிருமி முதிர இரண்டு மூன்று நாள் அது ரத்தம் குடித்தாக வேண்டும். ஆகவே தினமும் பால் கறக்க உட்காரும்போதே மடி, தொடை இடுக்கு, வாலடி, காதுக்குள் தடவிப் பாருங்கள். கிடைத்ததை விரலால் நசுக்காமல் மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுங்கள்.

மாட்டுக்கு மருந்து தெளித்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் நான் கேட்பது, சுவருக்குத் தெளித்தீர்களா என்றுதான். இந்த நோயைப் பரப்பும் ஹயலோமா உண்ணி வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, கல்லிடுக்கிலும் பலகைச் சந்திலும் ஒளிந்து தோலுரித்து, மறுபடி மாட்டைத் தேடி ஏறும். சந்துகளை அடைத்துப் பூசுங்கள். புது மாடு வாங்கினால் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். காய்ச்சல் தெரிந்தால் கால்நடை உதவி எண் 1962க்குப் போன் செய்யுங்கள், கட்டி இருக்கிறதா இல்லையா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.