காக்காய்க்கும் தெரிந்த தர்க்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கணிதத் தர்க்கத்தை அதன் வரலாற்றோடு சொல்லித்தர வேண்டும் என்பது எங்கள் கட்சி.

எதிரணி அம்மையார் போகிற போக்கில் ஒரு குத்து விட்டுப் போனார். "பிள்ளைக்கு நாலு வரி மெய்மை அட்டவணை போதும். இவர்கள் கிரேக்கத்துக் காக்காய்க் கதை சொல்லியே பீரியடை ஓட்டிவிடுவார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி அம்மா, காக்காய்க் கதையே சொல்கிறேன்.

பி, க்யூ என்ற இரண்டு வாக்கியங்கள் மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்து, அவற்றைச் சேர்த்த வாக்கியம் மெய்யா பொய்யா என்று காட்டுவதுதான் உங்கள் மெய்மை அட்டவணை. அதில் மூன்றாவது வரியை எடுங்கள். 'பி எனில் க்யூ' என்ற நிபந்தனை வாக்கியம். பி பொய், க்யூ மெய். விடை மெய். நாலாவது வரியில் இரண்டுமே பொய். அதற்கும் விடை மெய்! "அதெப்படி டீச்சர்?" என்பான் பையன். "அப்படித்தான், எழுதிக்கோ" என்பீர்கள். வேறென்ன சொல்வீர்கள்?

இதே கேள்விக்காகச் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் ஒரு குருவும் சீடனும் முட்டிக்கொண்டார்கள். முன்பாதி மெய்யாகிப் பின்பாதி பொய்யானால்தான் வாக்கியம் பொய், மற்ற மூன்றிலும் மெய் என்றான் சீடன் ஃபிலோ. அம்மையாரின் நாலு வரி அவன் போட்டதுதான். குரு டியோடோரஸ் குரோனஸ் விடவில்லை. அவர்கள் சண்டைபோட்ட உதாரணம் என்ன தெரியுமா? 'பகல் எனில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.' இப்போது காலை 11 மணி, நானும் பேசுகிறேன். ஃபிலோ கணக்கில் மெய். நடுவர் மணியை அடித்தால்? பகல் இருக்கும், என் பேச்சு இருக்காது. நாளைக்குப் பொய்யாகக்கூடியதை இன்றைக்கு எப்படியப்பா மெய் என்கிறாய் என்றார் குரு. (ஐயா, மணியிலிருந்து கையை எடுங்கள். ஃபிலோ பாவம்.)

சண்டை முற்றி, எந்த நிபந்தனை வாக்கியம் சரி என்று கூரைமேல் காக்காய்கூடக் கரைகிறது எனக் கவிஞர் கலிமாக்கஸ் கிண்டலடித்தார். அந்தக் காக்காய்க்கு இரண்டு கட்சியும் தெரியும் அம்மா! நம் பிளஸ் டூ பையனுக்கு ஒன்றுதான் தெரியும். 1879-ல் ஜெர்மனியின் கணித அறிஞர் ஃப்ரெகே நவீன தர்க்கத்துக்கு அடிபோட்டபோது எடுத்ததும் ஃபிலோ கட்சியைத்தான் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் குரு என்ன ஆனார்? எகிப்து அரசர் தாலமியின் விருந்தில் ஸ்டில்போ என்பவர் சில புதிர்களைப் போட்டார். உடனே விடை வரவில்லை. அரசர் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். எழுந்துபோன டியோடோரஸ், அந்தப் புதிரைப் பற்றி ஒரு நூலை எழுதிவிட்டு மனமுடைந்து செத்துப்போனார் என்கிறார், பழைய தத்துவஞானிகளின் வாழ்க்கையை எழுதிவைத்த டயோஜெனஸ் லாயர்டியஸ்.

டியோடோரஸுக்கு ஐந்து மகள்கள். மெனெக்ஸெனே, ஆர்கியா, தியோக்னிஸ், ஆர்ட்டிமீஸியா, பாண்டக்லேயா. ஐந்து பேருமே தர்க்க வல்லுநர்கள். இதைப் பதிந்துவைத்தது யார்? அப்பாவோடு மல்லுக்கட்டிய அதே ஃபிலோ!

முன்வரிசையில் இருக்கும் மாணவிகளே, இந்த ஐந்து பெயரையும் உங்கள் புத்தகத்தில் பார்த்தீர்களா? தீர்ப்பு எந்தப் பக்கமும் போகட்டும். நாளைக்கு அட்டவணை போடும்போது, மூன்றாவது வரி வந்ததும் கையைத் தூக்கி, இவர்கள் யார் டீச்சர் என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.