மதில் ஓரத்து வெட்சி

வணக்கம் நேயர்களே. கல்லடியிலிருந்து கல்முனை வரை கடற்கரைப் பக்கமாகப் போனால், மதில் ஓரத்தில் எக்ஸோரா நிற்காத வீட்டைத் தேடத்தான் வேண்டும். கோப்பிக் குடும்பத்துச் செடி, 500 இனங்களுக்கு மேல் உண்டு. நம் பழைய வெட்சிதான் இது. ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ என்று தொல்காப்பியம் புறத்திணைகளில் முதலில் வைத்ததும் இதைத்தான். இப்போது கேற்றடியில் மஞ்சளித்துப்போய் நிற்கிறது.

இலையைக் கிட்டப் பாருங்கள். நரம்பு பச்சையாகவே இருக்கும், இடைவெளி மட்டும் மஞ்சள், அதுவும் கொழுந்தில்தான் முதலில். இரும்புச்சத்துக் கிடைக்காததன் அடையாளம் இது. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு கூடினால் வேரால் எடுக்க முடியாது. எழுவான்கரை, அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் கரை, அதன் மணலில் சிப்பித்தூள் வேறு. அது போதாதென்று, மதில் கட்டி மிஞ்சிய சீமெந்துக் கட்டிகளை மூடிவிட்டு அதன் மேலேயே செடியை நடுகிறோம்!

யூரியாவை அள்ளிப் போட்டு இது தீராது. மதிலை விட்டு இரண்டு மூன்று அடி தள்ளி, மக்கிய இலையெரு நிறையப் போட்டு நடுங்கள். அடுப்புச் சாம்பல் வேண்டாம், அதுவும் சுண்ணாம்பின் வேலையைத்தான் செய்யும். இரும்புச் சல்பேற்றை அளவாகக் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் மண் மாறாதவரை தெளித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சரி, பூக்கவில்லை என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஓயாமல் கத்தரித்துப் பந்துபோல வைத்திருக்கிறீர்களா? பூங்கொத்து கொப்பின் நுனியில் வருவது. மொட்டையே வெட்டிவிட்டால் பூ எங்கிருந்து வரும்? கொத்து வாடிய பிறகு கவ்வாத்துப் பண்ணுங்கள்.

பூவின் நடுத்தண்டை மெல்ல உருவினால் ஒரு துளி தேன் வரும், பிள்ளைகளைக் கேட்டால் காட்டுவார்கள். விரியும் முன்பே பூ தன் மகரந்தத்தை அந்தத் தண்டின் நுனியில் பூசி வைத்துவிடும். நீண்ட குழலுக்குள் நாக்கை விடும் வண்ணத்துப்பூச்சி அதை எடுத்துப் போகும். மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி திறப்பது அதற்குப் பிறகுதான்.

உலர் வலயக் காட்டில் இதற்குச் சுலுந்து என்றொரு சொந்தம் உண்டு. சிறு மரம், வாசமுள்ள வெள்ளைப்பூ. கட்டை நன்றாக எரியும், தீப்பந்தத்துக்கு எடுத்தார்கள். கடைகளில் எங்கே பார்த்தாலும் குட்டைச் சிவப்பு எக்ஸோராதான். யாராவது சுலுந்துக் கன்று போட்டு விற்றால், முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். நன்றி, வணக்கம்.